கருவேல முள்ளால் துளையிட்டது

அந்த நாற்காலி சிவப்பு நிறப் பிளாஸ்டிக். ஒரு பக்கக் கைப்பிடி விரிசல் விட்டு, அதன்மேல் பேக்கிங் டேப் சுற்றியிருந்தது. வாடிப்பட்டியில் ஓர் உரக்கடையின் மாடியில் இருந்த எங்கள் மகளிர் சங்க அலுவலகத்தில் பாய்கள் நாலைந்து உண்டு, நாற்காலி அது ஒன்றுதான். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த காலையில் செயலாளர் அக்கா அதைத் தன் முந்தானையால் துடைத்து, ஜன்னலோரமாக இழுத்துப் போட்டு, "உக்காரு பாப்பா" என்றார். கீழே பாயில் என் அம்மாவும் மற்ற பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். நான் தயங்கி நின்றேன். "அட, உக்காருங்கிறேன்ல. இந்தச் சேருல உக்காந்து எழுதுறதுக்கு நம்ம வீட்டுப் பிள்ளைல ஒண்ணு வராதான்னுதான் இம்புட்டு நாளாக் காத்துக் கெடந்தேன்" என்று சொல்லிவிட்டு, அவர் போய் அம்மாவுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்துகொண்டார். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அம்மா என்னை அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே நான் அந்தச் சங்கத்துக்கு எதையும் செய்திருப்பேன். செய்யவும் செய்தேன்.

எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவர். ஓட்டுப் போடுகிற நாளில் மட்டும் பள்ளிக்கூடத்துக்குள் போயிருக்கிறார். அம்மா அங்கேயும் கைநாட்டுத்தான். நான் மதுரையில் பி.காம். முடித்து, கம்ப்யூட்டரும் கற்றுக்கொண்டு, ஆரப்பாளையத்திலிருந்து பஸ் ஏறி ஊருக்கு வரும்போதெல்லாம் சான்றிதழ்க் கோப்பை மடியில் வைத்தபடிதான் வருவேன். பையில் வைத்தால் யாருக்கும் தெரியாதே. அந்த வயதில் எனக்கு அவ்வளவு பெருமை இருந்தது. இப்போதும் இல்லையென்று சொல்லமாட்டேன்.

சங்கத்தில் ஏழெட்டு ஊர்ப் பெண்கள் இருந்தார்கள். மோர் மிளகாய், சுண்டைக்காய் வத்தல், கொத்தவரங்காய் வத்தல் என்று அவரவர் வீட்டு மொட்டைமாடியில் காயவைத்துக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். எல்லாம் ஒரே சாக்கில் கலந்து, மதுரைக் கீழமாசி வீதி மொத்தக் கடைகளுக்குப் போகும். அங்கிருந்து வேறு யாரோ ஒருவர் பெயரில் பாக்கெட்டாகி எங்கேயோ போகும். இதை ஆன்லைனில் நாமே விற்றால் என்ன என்பது அக்காவின் யோசனை. அதற்கு ஓர் உதவித் திட்டம் இருக்கிறது, திட்ட அறிக்கை எழுதிக் கொடுத்தால் தொடங்க உதவுவார்கள் என்று அவர்தான் விசாரித்து வந்தார். எழுதுவது என் வேலை.

இரண்டு மாதம் அதை எழுதினேன். வீடு வீடாகப் போய், யார் எதைச் செய்கிறார்கள், எத்தனை நாள் காயும், எந்த மாதம் காயாது, கூரியர் எத்தனை மணிக்கு வரும், பாக்கெட் எவ்வளவு தடிமன் இருந்தால் வழியில் கிழியாது என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். அப்படி ஒரு நாள் அலுவலகத்தில் சாக்கு ஒன்று அவிழ்ந்து மிளகாய் தரையில் கொட்டிவிட்டது. அம்மா குனிந்து அள்ளும்போது, "இது என்னுது, இதும் என்னுது, இது என்னுது இல்ல" என்று தனித்தனியாகப் பிரித்துப் போட்டாள். எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். மற்றவர்கள் மிளகாயை மோரில் ஊறப்போடும் முன் கத்தியால் கீறுவார்கள். அம்மா கீறமாட்டாள். வெந்நீரில் போட்டெடுத்த கருவேல முள்ளால் காம்புக்குக் கீழே ஒரு குத்து, நுனிக்கு மேலே ஒரு குத்து. உப்பும் மோரும் அந்த இரண்டு துளை வழியே உள்ளே போய்விடும். கீறினால் வறுக்கும்போது விதை எண்ணெயில் கொட்டிக் கருகும், குத்தினால் கொட்டாது என்றாள். எனக்கு அந்த இடத்திலேயே திட்டத்தின் உயிர் கிடைத்துவிட்டது. சாக்கில் கலக்கக் கூடாது. ஒவ்வொரு பாக்கெட்டிலும் அதைச் செய்தவரின் பெயர், முகம், அவருடைய கைப்பழக்கம் இருக்க வேண்டும். வாங்குகிறவர் ஒரு கடையை அல்ல, ஒரு பெண்ணைத் தேடி வர வேண்டும். அக்காவிடம் சொன்னபோது அவர் எழுந்து வந்து என் தலையைப் பிடித்துக் குலுக்கினார். "இத்தன வருசமா நம்ம மூட்டைக்குப் பேரே இல்ல. இனிமே பேரோட வாரோம்டி!" அதற்குப் பிறகு கூட்டங்களிலெல்லாம் அவர் இதைச் சொல்வார். பேரோட வாரோம்.

போட்டோ எடுக்கிற நாள் பெரிய கூத்தாக இருந்தது. பக்கத்து வீட்டுச் சித்தி வரவே மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். "ஏத்தா, எம் மூஞ்சியப் போட்டா வாங்க வந்தவனும் ஓடியே போவான்." அம்மா வெளியிலிருந்து, "அவ மூஞ்சிக்குக் கீழ ஒறப்பு ஜாஸ்தின்னு மட்டும் எழுதிப் போடுடி, நல்லா ஓடும்" என்றாள். சித்தி கதவைத் திறந்து அம்மாவை அடிக்க ஓடிவர, அதைப் பார்த்து அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அந்த நொடியில் நான் படம் எடுத்துவிட்டேன். அம்மா தலையைக்கூடச் சீவியிருக்கவில்லை. அந்தப் படம்தான் லேபிளில் போனது.

அறிக்கையின் நாலாம் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. தேவை திடீரெனக் கூடினால் எப்படிச் சமாளிப்பீர்கள் என்பது கேள்வி. இன்னும் நாலு ஊரில் ஆள் சேர்ப்போம் என்று எழுதட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். "மழக்காலத்துல எங்கிட்டுப் போயி காயப் போடுவ? ஆபீசர் கேப்பாருல்ல?" என்றார் அவர். பிறகு, ஏற்கெனவே எங்கோ கேட்டு வைத்திருந்ததுபோல, எழுத்துத் தமிழிலேயே சொன்னார்: "தேவைப்படின் வெளிச்சந்தையில் கொள்முதல் செய்து நிறைவு செய்யப்படும். போடு. சும்மா கட்டத்த நெரப்பத்தான்." எனக்கு அந்த வாக்கியம் பிடித்திருந்தது. படித்தவர்கள் எழுதுகிற வாக்கியம்போல இருந்தது. 'உரிய தரத்துடன்' என்று இரண்டு சொற்களை நானாகச் சேர்த்து, இன்னும் அழகாக்கினேன்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கைநாட்டு வைக்க வேண்டிய எந்தக் காகிதத்தையும் முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக் காட்ட வேண்டும். அதுவரை மை டப்பா பொறுப்பில் இல்லாத ஓர் உறுப்பினரின் மடியில் மூடியே இருக்கும். வாசித்து முடித்ததும் அவர், "எல்லாத்தையும் வாசிச்சாச்சா?" என்று கேட்பார். ஆச்சு என்ற பதில் வந்த பிறகே திறப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் சேர்ந்து தங்களுக்காகப் போட்டுக்கொண்ட பூட்டு அது. அறிக்கையை வாசித்த அன்று மை டப்பா அம்மாவின் மடியில் இருந்தது. மகள் வாசிக்கப்போகிறாள் என்பதால் அவளே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள்.

நான் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தேன். ஒவ்வொருவர் பெயரும் வரும்போது அவரை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவின் பெயரும் கருவேல முள்ளும் வந்தபோது சித்தி, "பாரு, முள்ளுக்கெல்லாம் மரியாத வந்துருச்சு" என்றாள். மூன்றாம் பக்கம் முடிகிற நேரம், ஜன்னலோரம் நின்றிருந்த செயலாளர் அக்கா வெளியே எட்டிப் பார்த்து, "ஆத்தீ, மேக்க கறுத்துக்கிட்டு வருதே" என்றார். அவ்வளவுதான், பாயில் சலசலப்பு. எல்லோர் வீட்டு மாடியிலும் மிளகாய் கிடந்தது. பாதி காய்ந்த மோர் மிளகாயில் மழை பட்டால் அந்த வாரத்து வேலை முழுக்கப் பூஞ்சை. ஒருத்தி எழுந்தே விட்டாள். "முக்கியமானத மட்டும் வாசிச்சிரு பாப்பா, பாவம், போகட்டும்" என்றார் அக்கா. நான் நாலாம் பக்கத்தைத் திருப்பினேன். எல்லாம் கட்டம் கட்டமாக, ஆபீசருக்காக எழுதியது. அதை விட்டு ஐந்தாம் பக்கத்துக்குப் போய், கடைசிப் பத்தியை வாசித்து நிறுத்தினேன். அம்மா முறைப்படி கேட்டாள்.

"எல்லாத்தையும் வாசிச்சாச்சா?"

"ஆச்சும்மா."

அவள் மை டப்பாவைத் திறந்தாள். முதல் ரேகை அவளுடையதுதான். வரிசையாக வைத்துவிட்டு, விரலைச் சேலையில் துடைத்தபடி எல்லோரும் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி ஓடினார்கள்.

அன்று மழை பெய்யவில்லை.

திட்டம் ஏற்கப்பட்டது. கடைப் பக்கத்தை நானே வடிவமைத்தேன். பதிவுசெய்யும்போது செல்பேசி எண் கேட்டது. பெரியவர் எண்ணைக் கொடுப்பதுதான் முறை என்று செயலாளர் அக்காவின் எண்ணைப் போட்டேன். எதை மாற்றினாலும் அவருடைய போனுக்கு ஒரு ரகசிய எண் வரும், அவர் சொல்ல நான் அடிப்பேன். அது எங்களுக்குள் ஒரு விளையாட்டுப்போல இருந்தது. "நாலு, அஞ்சு, சுழியம்... வேகமாப் போடுடி, செத்துரப்போகுது" என்பார். முதல் பாக்கெட்டை அம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அதைப் பிரிக்கவேயில்லை. சாமி படத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்து, வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வாள். நான் வாசிப்பேன்: கருவேல முள்ளால் துளையிட்டது. இதைச் செய்தவர் என்று சொல்லி, அவள் பெயர். அச்சில் அவள் பெயர் வந்த இடம் வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, ஆதார் அட்டைக்கு அடுத்து அது ஒன்றுதான்.

ஆர்டர் பெருகியது. தீபாவளிக்கு முந்தைய மழையில் இன்னும் பெருகியது. மாடிகள் நனைந்து கிடந்தன, வீட்டில் அம்மா கை கட்டி உட்கார்ந்திருந்தாள், அலுவலகத்தில் நான் அவள் பெயருக்கு வந்த ஆர்டர்களுக்கு முகவரிச் சீட்டு அச்சடித்துக்கொண்டிருந்தேன். இந்த இரண்டையும் நான் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை. பேக்கிங்கைத் திண்டுக்கல் சாலையில் ஒரு குடோனுக்கு மாற்றியிருந்தார் அக்கா. பழைய இருப்பு நிறைய இருக்கிறது என்றார். நான் அந்தப் பக்கமே போகவில்லை. கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற ஆள் எதற்குக் குடோனுக்குப் போக வேண்டும்? வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு மதியம் கடைப் பக்கத்தில் புகார் ஒன்று வந்தது. வாங்கிய பெண் வாணலியைப் படம் எடுத்துப் போட்டிருந்தாள். எண்ணெய் முழுக்கக் கருகிய விதை. 'முள்ளால் குத்தியது, விதை கொட்டாது என்று போட்டிருக்கிறீர்களே' என்று கீழே எழுதியிருந்தாள். பக்கத்தில் என் அம்மா சிரிக்கிற பாக்கெட். படத்தைப் பெரிதாக்கினேன். மிளகாயின் நடுவே நேர்கோடாக ஒரு கீறல். மூலையில், விலாசம் தவறித் திரும்பி வந்த பார்சல் ஒன்று கிடந்தது. அதைப் பிரித்துத் தரையில் கொட்டினேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே நீளத்தில், பிளேடு போட்டதுபோலக் கீறல். இரண்டு துளை போட்ட மிளகாய் ஒன்றுகூட இல்லை. சித்தியின் கீறல்கூட இப்படி இருக்காது; அவள் கோணலாகக் கீறுவாள். எங்கள் ஊர்ப் பெண்கள் யாருடைய கையும் அதில் இல்லை.

செயலாளர் அக்கா படியேறி வந்தபோது நான் தரையில்தான் இருந்தேன். மிளகாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பதறவில்லை. டீ தூக்கை மேசையில் வைத்துவிட்டு, "எந்திரிச்சுச் சேருல உக்காரு பாப்பா" என்றார். நான் எழவில்லை. இது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். வெளியூர் ஆலை ஒன்றிலிருந்து மூட்டையாக வாங்குவதாகச் சொன்னார், மறைக்காமல். பிறகு பீரோவைத் திறந்து என்னுடைய அறிக்கையை எடுத்து, நாலாம் பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார்.

"சும்மா கட்டத்த நெரப்பத்தான்னு சொன்னீங்களேக்கா."

"நான் சொன்னேன். இல்லேன்னா சொல்லுறேன்? எழுதுனது யாரு, வாசிச்சது யாரு? எல்லாரும் கேட்டுத்தான கைநாட்டு வச்சாக."

"நான் இத வாசிக்கல."

"அது எனக்கெப்படிப் பாப்பா தெரியும்?" என்றார். என் முகத்தைப் பார்த்தபடியே சொன்னார். ஜன்னலோரம் நின்று மேகத்தைப் பார்த்தவர் அவர். நான் பக்கம் தாண்டியபோது அவர் கவனித்ததை நானும் பார்த்திருந்தேன்.

வாங்கி விற்பதென்றால் விற்றுக்கொள்ளுங்கள், ஆனால் என் அம்மாவின் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். "கூறு கெட்டுப் பேசாத. ஒங்கம்மா சிரிச்ச மொகத்துக்குத்தான் பாதி ஆர்டர் வருது. அத எடுத்துட்டு எதப் போட? எம் மூஞ்சியவா?" என்று சிரித்தார். நான் எழுந்துபோய்க் கம்ப்யூட்டரில் அம்மாவின் பக்கத்தைத் திறந்து, நீக்கு என்பதை அழுத்தினேன். அக்காவின் போன் மேசைமேல் ஒருமுறை அதிர்ந்தது. ரகசிய எண் வந்துவிட்டது. அவர் அதை எடுத்துப் பார்த்தார். நான் காத்திருந்தேன். அந்த நேரத்திலும் எனக்கு நம்பிக்கை இருந்தது என்பதுதான் இப்போது நினைத்தால் வலிக்கிறது. நாலு, அஞ்சு, சுழியம் என்று சொல்லத் தொடங்கிவிடுவார் என்று விரலை விசைமேல் வைத்திருந்தேன். அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, டீயை இரண்டு டம்ளரில் ஊற்றினார்.

அம்மாவிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. கொண்டுபோன மிளகாயை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அக்கா காட்டிய வரியைச் சொன்னேன். "நீ வாசிக்கையில அது இல்லயே" என்றாள்.

"நான் வாசிக்கலம்மா. தாண்டிட்டேன்."

"நான் கேட்டேன்ல?"

"கேட்ட."

அவள் அந்த மிளகாயை முந்தானையில் முடிந்துகொண்டாள். திட்டியிருக்கலாம். சாமி படத்துப் பக்கத்தில் இருந்த பாக்கெட்டை எடுத்து, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுபோனாள். நானும் கூடப் போனேன். பாக்கெட்டைப் பிரித்து, பாயின் நடுவில் இரண்டு மிளகாயை வைத்தாள், குத்தியது ஒன்று, கீறியது ஒன்று. "இது நான் செஞ்சது. இது நான் செய்யாதது. செய்யாததுக்கு எதுக்கு எம் பேரு?" என்று கேட்டாள். செயலாளர் அக்கா மெதுவான குரலில் சொன்னார்: "எழுதுனது ஒம் மக. மை டப்பாவத் தொறந்தது நீயி. நான் என்னத்தா செய்ய?" பாயில் இருந்த யாரும் அம்மாவைப் பார்க்கவில்லை. அவர்கள் முகங்களும் பாக்கெட்டில் இருந்தன. மழைக்காலத்தில் குடோனில் அவர்களுக்குப் பேக்கிங் வேலையும் இருந்தது. சித்தி பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அன்றும் மை டப்பா அம்மாவிடம்தான் இருந்தது. அதைக் கொண்டுபோய்ச் சிவப்பு நாற்காலியின் மேல் வைத்துவிட்டு, "போயிட்டு வாரேன்" என்றுகூடச் சொல்லாமல் அம்மா படியிறங்கினாள்.

நான் இப்போது மதுரையில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். திருப்பரங்குன்றத்தில் அறை. மற்றவர்களின் கடைகளை ஆன்லைனில் ஏற்றித் தருவதுதான் வேலை. செல்பேசி எண் கேட்கும் இடம் வந்தால், இது யாருடைய எண், அவர் இல்லாவிட்டால் யார் திறப்பார்கள் என்று வாடிக்கையாளரை இரண்டு முறை கேட்கிறேன், சலித்துக்கொள்கிறார்கள். அம்மாவின் பக்கம் இன்னும் இருக்கிறது. நீக்கச் சொல்லி எழுதினேன். பதிவுசெய்த எண்ணிலிருந்து கோரிக்கை வர வேண்டும் என்று பதில் வந்தது. அவ்வப்போது திறந்து பார்ப்பேன். தலை சீவாமல், வாய்விட்டு, என்னைப் பார்த்து அம்மா சிரித்துக்கொண்டிருப்பாள். செயலாளர் அக்காவை நினைக்கும்போது நாலாம் பக்கத்து வாக்கியமோ, கவிழ்த்து வைத்த போனோகூட எனக்கு முதலில் வருவதில்லை. முந்தானையால் நாற்காலியைத் துடைத்ததுதான் வருகிறது. அது நடிப்பென்றால் மறந்துவிடலாம். அன்றைக்கு அவர் மெய்யாகவே துடைத்தார் என்றுதான் இப்போதும் நம்புகிறேன். எந்த நாளிலிருந்து மாறினார் என்பது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது கேஸ் இணைப்பு சம்பந்தமாக அம்மா கைநாட்டு வைக்க வேண்டிய காகிதம் ஒன்று வந்திருந்தது. எங்கள் வீட்டிலும் இப்போது பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறது, என் சம்பளத்தில் வாங்கியது. நான் தரையில், அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் மிளகாய்த் தட்டிலிருந்து முள்ளொன்றை எடுத்து முதல் வரியின் கீழே வைத்தாள். நான் ஒரு வரி வாசித்து முடித்த பிறகுதான் முள் அடுத்த வரிக்கு இறங்கும். இப்போதெல்லாம் இப்படித்தான். கடைசி வரி முடிந்து நான் நிமிர்ந்தேன். முள் நகரவில்லை.

"கீழ பொடியா ரெண்டு வரி கெடக்கே, அது என்ன?"

"அது எல்லாத்துலயும் இருக்கதும்மா, சும்மா..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டேன். குனிந்து, கண்ணைச் சுருக்கி, அந்த இரண்டு வரியையும் வாசித்தேன்.

"எல்லாத்தையும் வாசிச்சாச்சா?"

தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டு, "ஆச்சும்மா" என்றேன். அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முள்ளை எடுத்து மறுபடியும் முதல் வரியின் கீழே வைத்தாள்.